காற்று திரும்பினால் திரும்பும் பெஞ்சு

பகல் ஏறிய பிறகு எங்கள் வகுப்பறையின் கிழக்கு ஜன்னல்கள் முதலில் மெல்ல முனகும். அடுத்த கணமே உப்பும் ஈரமும் கலந்த கடற்காற்று ஒரே வீச்சில் புகுந்து, சுவரில் தொங்கும் பிரான்சு தேசப் படத்தைப் படபடவென்று அடிக்கும். உடனே, நாங்கள் 'முசே' என்று அழைத்த ஆசிரியர் கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோய், "காத்து திரும்பிடுச்சு, கெளம்புங்கடா" என்பார். வீராம்பட்டினத்திலிருந்து நடந்து வரும் மீனவர் பிள்ளைகள் ஐவர் எழுந்து, தங்கள் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு மேற்குச் சுவரோரம் போய் அமர்வார்கள். காலையில் தரைக்காற்று மேற்கிலிருந்து வீசுகையில் அவர்கள் இடம் கிழக்கு. கடற்காற்று வந்துவிட்டால் மேற்கு. அவர்கள் மேல் பட்ட காற்று எங்களை எட்டக்கூடாது என்பதே ஏற்பாடு. அதன் காரணத்தை ஒருவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அந்த ஐவரில் ஒருவன் கன்னியப்பன். பரிசளிப்பு விழா மேடையில் வகுப்பின் சார்பாகப் பேச ஒருவனைத் தேர்ந்தெடுக்க எனக்கும் அவனுக்கும் வகுப்பறையிலேயே சொற்போர் வைத்தார்கள். ஓராண்டாக நான் கனவு கண்ட மேடை அது. அம்மா வெள்ளைக் கோட்டுக்குத் துணிகூட எடுத்துவிட்டாள். 'சாதி, மத வேற்றுமைகளைப் பற்றிப் பள்ளியில் கற்பிக்க வேண்டுமா?' என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் 'கூடாது' எனக்கும், 'வேண்டும்' அவனுக்கும் விழுந்தன.

"இன்னா கன்னியப்பா, மேடையில நெத்திலி கூவி விக்கப் போறியா?" என்று பின்னாலிருந்து ஒருவன் சீண்டினான்.

"விக்கிறேன்டா. உங்கம்மாதான் மொதல்ல கூடையாண்ட வந்து நிப்பாங்க" என்றான் அவன். சிரிப்பு முழுவதும் அவன் பக்கம் போயிற்று. பொறாமையின் முதல் முள் எனக்கு அப்போதே தைத்தது.

சொற்போர் நாளில் நான் முழங்கினேன். இளம் உள்ளம் வெள்ளைத் தாள் என்றேன். அதில் பேதம் என்னும் மையை நாமே ஏன் கொட்ட வேண்டும் என்றேன். "இந்த அறையைப் பாருங்கள்! இங்கே எவனுக்காவது வேற்றுமை தெரியுமா?" என்று கையை விரித்து நிறுத்தினேன். அந்நேரம் ஜன்னல்கள் முனகின. முசே வாய் திறக்கவில்லை. ஆயினும் பழக்கத்தால், என் பக்கத்தில் பேசக் காத்திருந்த கன்னியப்பனைத் தவிர மற்ற நால்வரும் எழுந்து, பெஞ்சைத் தூக்கிக்கொண்டு, எனக்கும் சபைக்கும் நடுவே நடந்து மேற்குச் சுவரோரம் போய் உட்கார்ந்தார்கள்.

கன்னியப்பன் எழுந்தான். "காத்து திரும்பினா எங்க பெஞ்சும் திரும்பும். எதுக்குன்னு எங்களுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். வாயத் தொறந்து சொல்றதுதான் இல்ல. அதத்தான் சொல்லிக் குடுங்கன்றேன்" என்று கூறிவிட்டு, அந்தப் பெஞ்சிலேயே போய் அமர்ந்தான்.

ஒருவரும் கைதட்டவில்லை, இருமவும் இல்லை. முசே கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு, என் சொல்லடுக்கைப் புகழ்ந்து எனக்கே வெற்றி என்றார். வெள்ளைக் கோட்டு தைக்கப்பட்டது, விழாவில் பேசினேன். ஆனால் வென்றவன் தோற்றவனைப் பார்த்து வயிறெரிந்த கதை இது. மூன்று வாரம் மனனம் செய்து நான் அடையாததை அவன் மூன்று மூச்சில் அடைந்துவிட்டானே என்று அன்றிரவு தலையணையைக் கடித்தேன்.

இன்று நான் அவன் பக்கமே நின்று மேடைதோறும் பேசுகிறேன். எங்கள் மாதா கோயிலில் யார் முன்னால் மண்டியிடுகிறார், யார் ஓரத்தில் நிற்கிறார், ஏன் என்பதைப் பள்ளிக்கூடம் கற்பிக்கத்தான் வேண்டும் என்கிறேன். அண்மையில் அந்த வகுப்பறையை எட்டிப் பார்த்தேன். பெஞ்சு அங்கே இல்லை. அநியாயம் ஒழிந்ததென்று மகிழ்ந்து விசாரித்தால், கடற்கரைப் பிள்ளைகள் எவரும் இப்போது வருவதில்லை என்றார்கள். கன்னியப்பனும் அந்தச் சொற்போருக்கு மறு ஆண்டே நின்றுவிட்டான். அவன் கட்டுமரத்தில் போகிறானாம்.

என் பேச்சுக்குக் கைதட்டல் குறைவில்லை. அவனுக்கு வாய்த்த மௌனம் மட்டும் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.