பளிச் அக்கா படிக்காமல் அழித்தவை

எங்கள் நூலகத்தின் பின்னறையில் கிழிந்த புத்தகங்களை ஒட்டித் தைப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் பளிச் அக்கா. யாராவது பென்சிலால் கிறுக்கியிருந்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "அப்பன் வீட்டுச் சொத்துன்னு நினைப்பு" என்று திட்டிக்கொண்டே ரப்பரால் தேய்ப்பார். கிறுக்கியதைப் படிக்க மட்டும் மாட்டார். படித்தால் வேலை ஓடாதாம். பதினெட்டு வருடமாக இப்படித்தான். கவுன்ட்டரில் உட்காரும் எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

இந்த வருடம் ஒரு திகில் தொடர் அடிக்கடி அவர் மேசைக்குப் போனது. பதின்வயதினருக்கானது, நாலு பாகம். ஒரு பெண்ணின் பயம் உருவெடுத்து வீட்டு மாடிப்படியில் நிற்கும். அவள் ஒவ்வொரு முறை 'ஒன்றுமில்லை' என்று சொல்லும்போதும் ஒரு படி இறங்கி வரும். அட்டையைப் பார்த்தாலே எனக்கு உதறல்.

எடுத்துப் போனவள் ஒரே ஒரு மாணவி. நகத்தைச் சதை தெரியக் கடித்திருப்பாள். திருப்பித் தந்த பாகத்தையே பத்து நாளில் மறுபடி கேட்பாள், அங்கேயே நின்று புரட்டுவாள், முகம் வெளுத்துவிடும்.

"என்னம்மா, படிச்ச கதைதானே?"

"ஒண்ணுமில்ல மேடம்."

நானும் அத்தோடு விட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாலாம் பாகம் திரும்பி வந்த மதியம் அக்கா என்னை உள்ளே கூப்பிட்டார். பென்சிலை அழுத்தி எழுதியிருந்ததால் தேய்த்தும் தடம் போகவில்லை. முதல் தடவையாகக் கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்திருந்தார். ஓரத்தில் இருந்தது: 'எங்க வீட்டுப் படியிலயும் அது நிக்குது. அம்மாகிட்ட சொன்னேன். சிரிச்சாங்க.' கடைசிப் பக்கத்தில்: 'மூணு புக்லயும் நான் எழுதினதை அது அழிச்சிடுச்சு. ஒரு எழுத்துகூட விடல. நான் சொல்றது அதுக்குப் பிடிக்கல. இனிமே யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.'

"ஐயோ, அது நான்டி" என்றார் அக்கா.

பத்து நாள் போயிற்று. அவள் வரவில்லை. அக்கா பின்னறையை விட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். உறுப்பினர் அட்டையில் இருந்த எண்ணுக்கு நான் போன் செய்தேன். அவள் அம்மா எடுத்தார்.

"அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா. இப்பல்லாம் வீட்ல இருக்கறதே தெரியல, அவ்வளவு அமைதி."

பதினோராம் நாள் வந்தாள், பாதியாக இளைத்து. நாலாம் பாகத்தைக் கேட்டாள். அக்கா அந்தக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தார்.

"அழிச்சது எதுவோ இல்லம்மா, நான்தான். கிறுக்கல் இருந்தா அழிக்கறது என் வேலை."

அவள் அந்தப் பென்சில் தடத்தை விரலால் தடவினாள்.

"படிச்சிட்டு அழிச்சீங்களா?"

"இல்லம்மா. படிக்காமலே."

"ஒரு வரிகூடவா?"

அக்கா இல்லையென்று தலையாட்டினார். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"அதுவும் அப்படித்தான். நான் என்ன சொல்றேன்னு கேக்கவே கேக்காது" என்றாள் அவள்.

வரிசையில் நின்றவர்களை நான் போகச் சொன்னேன். அக்கா ஒரு நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார்.

"தப்பு பண்ணிட்டேன். இப்பச் சொல்லும்மா. எது வரைக்கும் வந்திருக்கு?"

அவள் உட்காரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இறங்க இனிமே படி இல்ல."