மஞ்சள் நிற ஐம்பது காசு

எண்பதுகளின் தொடக்கத்தில் என் அண்ணன் ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். தவறான உலோகத்தில் அச்சாகிவிட்ட நாணயம் ஒன்று கிடைத்தால் மோட்டார் சைக்கிளே வாங்கலாம் என்று அங்கே யாரோ அவனிடம் சொல்லிவைத்திருந்தார்கள். மறுவாரமே வீட்டுச் சாமி அலமாரிக்குக் கீழே ஐம்பது காசு ஒன்றைக் கண்டெடுத்தான். வெள்ளையாக இருக்க வேண்டியது மஞ்சளாக இருந்தது.

"பித்தளைல அடிச்சிட்டான் லா," என்றான்.

அது என் காசு. பல்கலைக்கழக நுழைவுக்கான ஆறாம் படிவத் தேர்வு முடிந்த அன்று, மஞ்சள் நீரில் நனைத்த துணியில் முடிந்து, முருகன் படத்துக்குப் பின்னால் நானே வைத்தது. முடிச்சுத் தளர்ந்து உருண்டிருக்கிறது. சொல்லியிருக்கலாம். ஆனால் தமிழ் இலக்கியத் தாள் மிக எளிது என்று வீடு முழுக்க அறிவித்திருந்தவள் நான். வேண்டுதலோ அதே தாளுக்காகத்தான். காசை எப்படியாவது மீட்டுவிட வேண்டும். தையல் நூல் வாங்கவேண்டும் என்று கூறி, காசை விற்கக் கிளம்பியவனோடு செமோரிலிருந்து ஈப்போ பேருந்தில் ஏறிக்கொண்டேன்.

நாணயக் கடைக்காரர் சீனர். தமிழர்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்து மளிகைக் கடையில் வளர்ந்தவராதலால் தமிழ் நன்றாகவே பேசினார். காசைக் கண்ணாடி மேசைமீது போட்டு ஓசை கேட்டார். சிறு தராசில் நிறுத்தார். விளிம்பைப் பூதக்கண்ணாடியில் ஒரு சுற்றுப் பார்த்தார். அண்ணன் மோட்டார் சைக்கிளுக்கு நிறம் தேர்ந்துகொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது. கடைசியில் அவர் காசை முகர்ந்தார்.

"எட சரி, சத்தம் சரி. தம்பி, இது மஞ்சளு. யாரோ சாமிக்கு முடிஞ்ச காசு."

"வெல என்னா வரும், அங்கிள்?"

"அம்பது காசு. ஆனா நான் வாங்க மாட்டேன். சாமியோட வம்பு எனக்கு வேணாம் லா."

அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. கடையிலிருந்து இறங்கியவன், எதிரே தெரிந்த பிள்ளையார் கோவிலுக்குள் நேராக நடந்து, உண்டியலின் வாய்க்குக் காசை நீட்டினான். கடையில் திறக்காத வாயை அப்போது நான் திறக்க வேண்டியதாயிற்று.

"அண்ணே, போடாத. அது முருகனுக்கு."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். எந்தத் தாளுக்கு என்பதையும் சொன்னேன்.

"இவ்ளோ நேரம் வாயில என்னா, கொழுக்கட்டையா?" என்று காசை என் கையில் வைத்தான். திரும்பும் பேருந்தில் செமோர் வரும்வரை கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். நான் நன்றியுணர்வோடு ஜன்னலுக்கு வெளியே பார்த்திருந்தேன். இறங்கும்போதுதான் கேட்டான்:

"தமிழுக்கே அம்பது காசுன்னா, பொருளாதாரத்துக்கு எவ்ளோ முடிஞ்சிருக்க?"

பொருளாதாரத் தாளை நான் எழுதியிருந்த லட்சணத்துக்கு, முருகன் முன்னால் போய் நின்று கேட்கவே எனக்கு முகம் இருக்கவில்லை. "ஒண்ணுமில்ல" என்று மட்டும் சொன்னேன்.