அடுத்த மேசை

மலேசியாவில் கோலா பிலா பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்த பஞ்சாலை என்ற பெண்ணின் மகள் லோகேஸ்வரிக்கு முப்பத்தெட்டு வயது. சிரம்பானில் ஓர் இணைய ஆங்கில வகுப்புக்குப் பாடம் எழுதுவது அவள் வேலை. படிப்பவர்கள் சீனர்கள். கேமரா முன் உட்கார்ந்து வாசிப்பவர் ஒரு வெள்ளைக்காரர். அவர் திணறினால், அடுத்த மேசையிலிருந்து அவர் திரையில் பதிலைத் தட்டிக் கொடுப்பதும் அவள்தான். ஆறு வருடமாக அவள் பெயர் எங்கேயும் இல்லை.

அந்த வாரம் 'ரன்' என்ற சொல். ஓடுவது மட்டுமல்ல, மூக்கு ஒழுகுவதும் கடை நடத்துவதும் தேர்தலில் நிற்பதும் அதே சொல்தான் என்றால் சீனர்களுக்குத் தலை சுற்றாதா? நாற்பது பொருளுக்கு நாற்பது வாக்கியம் எழுதினாள். ஒன்று இது: 'விடியலில் ரப்பர் பால் நன்றாக வழியும், வெயில் ஏறினால் நின்றுவிடும்.'

ஹைனான் தீவிலிருந்து படிக்கும் லின் வீட்டிலும் ரப்பர் மரங்கள். "மழை பெய்தால் எப்போது வெட்டுவீர்கள்?" என்று கேட்டாள். வெள்ளைக்காரர் விழித்தார். 'பட்டை காய்ந்த பிறகு' என்று லோகேஸ்வரி தட்டியதும், திரையின் ஓரத்துக்குக் கண்ணை ஓட்டி அதை வாசித்தார்.

லின் சிரித்தாள். "இது மரம் வெட்டியவர் பதில். எழுதியவரே எங்களுக்குப் பாடம் நடத்தட்டும்."

வகுப்பு முடிந்ததும் லோகேஸ்வரி முதலாளியிடம் போனாள். கிருபானந்தன் ரஹாங்வாசி, யாழ்ப்பாணத்திலிருந்து தோட்டக் கணக்கெழுத வந்த கிராணி பரம்பரை.

"சார், அவங்களே கேக்கறாங்க லா. ஒரு கிளாஸ் எனக்குக் கொடுங்க."

"உமக்கென்ன விசரே? அவையள் பாக்க வாறது வெள்ளைக்காரற்ற முகத்தை. அவர் சின்னனில ரப்பர் தோட்டத்தில வளந்தவர் எண்டு எழுதும். நாளைக்கு வாசிக்கட்டும்."

"வெட்டுனது எங்கம்மா சார்."

"அதுக்கு?"

பிறப்பையும் நிறத்தையும் பார்த்து அறிவை அளக்கும் மூடத்தனம் கோயில் வாசலோடு நிற்பதில்லை. அது இணையத்திலும் கடை விரிக்கிறது.

மறுநாள் வெள்ளைக்காரர் திரையில் வந்ததை, வழக்கம்போல், யோசிக்காமல் வாசித்தார்: "நான் ரப்பர் மரத்தைத் தொட்டதே இல்லை. இந்தப் பாடங்களை எழுதுபவர் பெயர் லோகேஸ்வரி. அடுத்த மேசையில் இருக்கிறார்."

லின் கை தட்டினாள். கிருபானந்தன் பாய்ந்து வந்து இணைப்பைப் பிடுங்கினார்.

அன்று மாலையே லோகேஸ்வரியின் வேலை போனது. மாணவர்களுக்குத் தொழில்நுட்பக் கோளாறு என்று அறிவிப்புப் போனது. அவள் இப்போது சுங்கை காடுட் தொழிற்சாலை ஒன்றில் ரப்பர் கையுறைகளை எண்ணிப் பெட்டியில் அடுக்குகிறாள்.

அவளுடைய நாற்பது வாக்கியங்களும் வகுப்பில் அப்படியே இருக்கின்றன. கீழே வெள்ளைக்காரரின் பெயர்.