சீனர், பெண்: ஒன்று

மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த பெண் கையில் டேப்லெட்டோடு எங்கள் வாசலில் நின்றாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தாள், மறுபடியும் முகத்தைப் பார்த்தாள். ஈப்போவில் எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாருக்கும் அம்மாவைத் தெரியும். அதனால் இந்தப் பார்வையை நான் கொஞ்ச காலமாக மறந்துபோயிருந்தேன். "ஆன்ட்டி, பங்சா சீனாவா?" என்று மலாயில் கேட்டாள். சீன இனமா என்று கேட்கிறாள். அம்மா அசரவில்லை. "இந்தியா," என்றாள். அந்தப் பெண் தட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

அம்மா பிறப்பால் சீனப் பெண்தான். சுங்காய் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தமிழ்க் குடும்பம் அவளைக் கைக்குழந்தையாக வாங்கி வளர்த்தது. அந்தக் காலத்தில் இது அதிசயமில்லை. வறுமை என்றோ, பிறந்த நேரம் சரியில்லை என்றோ சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைக் கொடுத்துவிடும். தோட்டத்துத் தமிழர்கள் வாங்கி, காது குத்தி, பேர் வைத்துவிடுவார்கள். அம்மா தேவாரம் பாடுவாள், சஷ்டி விரதம் இருப்பாள், ரசத்தில் பெருங்காயம் குறைந்தால் வாயில் வைத்ததுமே சொல்லிவிடுவாள். தமிழரான அப்பாவைக் கட்டி என்னைப் பெற்றாள். சந்தையில் காய்க்காரர் அவளிடம் கேந்தனீஸ் சீனத்தில் விலை சொல்வார், அவள் தமிழில் வாயாடுவாள், நடுவில் நான் மலாயில் இரண்டு பேருக்கும் பஞ்சாயத்துப் பண்ணுவேன்.

அன்று சாயங்காலம் தேநீர் குடிக்கும்போது அம்மா திடீரென்று கேட்டாள். "என்னைப் பெத்தவ ஒரு தடவையாச்சும் திரும்பி வந்து பாத்திருப்பாளா? இல்ல, குடுத்தோம், தொலைஞ்சதுன்னு போயிட்டாளா?"

பிடோர் பக்கத்திலிருந்து யாரோ ஒரு சீனர் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார் என்பதுதான் அவளுக்குச் சொல்லப்பட்ட கதை. அதற்கு மேல் அவள் கேட்டதும் இல்லை, அவர்கள் சொன்னதும் இல்லை.

"சாவுறதுக்குள்ள அது மட்டும் தெரிஞ்சா போதும்லா," என்றாள். சிறுநீரகம் போய் டயலிசிஸில் இருக்கிறவள். இதயமும் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அவள் கேட்டது சும்மா பேச்சுக்கு இல்லை என்பது எனக்குப் புரிந்தது.

அப்படித்தான் நான் பழைய குடிக்கணக்கைத் தேட ஆரம்பித்தேன். டயலிசிஸ் மையத்தில் அம்மாவை இயந்திரத்தோடு இணைத்துவிட்டால் மணிக்கணக்கில் எனக்கு வேலை இல்லை. பழைய குடிக்கணக்கு அறிக்கைகளைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். கைப்பேசியில் அவற்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். நான் கார் உதிரிப்பாகக் கடையில் கணக்கு எழுதுகிறவள். கட்டம் போட்ட பக்கங்கள் என்னைப் பயமுறுத்துவதில்லை.

ஆனால் ஏமாற்றம்தான். அந்தப் புத்தகங்களில் மனிதர்கள் இல்லை. பேரும் இல்லை, வீடும் இல்லை, யார் பெற்ற பிள்ளை என்பதும் இல்லை. மாவட்டத்துக்கு இத்தனை தமிழர், இத்தனை மலாய்க்காரர், இத்தனை சீனர், அவ்வளவுதான். வெள்ளைக்காரன் ஆட்டை எண்ணுகிற மாதிரி எண்ணிவிட்டுப் போயிருக்கிறான் என்று எரிச்சலாக வந்தது. எத்தனையோ முறை கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

சுதந்திரத்தையொட்டி எடுத்த கணக்கில் ஒரு பின்னிணைப்பு கிடைத்தது. தோட்டம் தோட்டமாகப் பிரித்திருந்தார்கள். அம்மாவின் தோட்டம் இருந்தது. அவளுக்கு அப்போது ஆறேழு வயது இருக்கும். தமிழர் கட்டத்தில் பெரிய எண்கள். மலையாளிகள், தெலுங்கர்கள் கொஞ்சம் பேர். சீனர் என்ற கட்டத்தில் ஆணுக்கு வெறும் கோடு, யாரும் இல்லை. பெண்ணுக்கு ஒன்று.

ஒரே ஒரு சீனப் பெண், அத்தனை தமிழர்களுக்கு நடுவில். தாதி முறைத்ததைக்கூடக் கவனிக்காமல் அம்மாவின் படுக்கைக்கு ஓடினேன்.

"அம்மா, உன்னைக் கண்டுபுடிச்சிட்டேன். இங்க பாரு, இந்த ஒண்ணு நீதான்."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஒன்றை வெகுநேரம் பார்த்தாள். மகிழ்வாள் என்று நினைத்து நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தேன். அவள் கைப்பேசியைத் திருப்பித் தந்தாள்.

"அப்ப அப்பா என்னைச் சீனப் புள்ளைன்னா சொல்லியிருக்காரு?"

அதுவரை அது எனக்கு உறைக்கவே இல்லை. வளர்த்த அப்பா தன்னை ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை என்பதுதான் அம்மாவின் மொத்தச் சொத்து. அதைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடத்துக் கிண்டலையும், மாமியார் வீட்டுக் குத்தல் பேச்சையும் தாண்டி வந்தவள். நான் ஒரு எண்ணைக் காட்டி அதைப் பறித்துவிட்டேன். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். "பெத்தவளும் விட்டுட்டா, வளத்தவரும் கணக்குல சேக்கல," என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். கேட்க முடியவில்லை. அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அம்மாவோடு வளர்ந்தவர்களில் மாமா ஒருவர்தான் மிச்சம். அவளை வாங்கி வளர்த்தவர்களின் மூத்த மகன், சுங்காயில் இருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். தோட்டம் இப்போது இல்லை, வழியெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. அம்மா வெளியே பார்க்கவே இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் மாமாவுக்குக் கோபம் பொங்கிவிட்டது.

"யாரு சொன்னா அப்படி? நான் பக்கத்துல நின்னேன்லா. தோட்டத்து ஆபீஸ் கிராணி நோட்டோட லயம் லயமா, ஒவ்வொரு வீடா எழுதிக்கிட்டே வந்தாரு. உன்னைப் பாத்துட்டு, இது சீனப் புள்ளதானே, சீனர்னு போடவான்னு கேட்டாரு. எம் பொண்ணு, தமிழ்னு போடுங்கன்னாரு அப்பா. கிராணி மறுபடியும் இழுத்தாரு. அப்பா கையில பால் வெட்டுற கத்தி. அதுக்கப்புறம் கிராணி மறுபேச்சுப் பேசல."

அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். "கத்தியோடயா நின்னாரு?" என்று இரண்டு தடவை கேட்டாள். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் கணக்குப் பார்க்கிறவளுக்கு இடிக்கிற எண் இடித்துக்கொண்டேதான் இருக்கும்.

"அப்ப அந்த ஒண்ணு யாரு மாமா?"

மாமா அணைத்திருந்த தொலைக்காட்சியைப் பார்த்தார். அம்மாவைப் பார்க்கவில்லை.

"வெள்ளைக்காரத் துரை பங்களாவுல சமைச்சிக்கிட்டு இருந்துச்சே," என்றார்.

"அந்தச் சீனச்சியா?" என்றாள் அம்மா. "சாயங்காலமானா லயத்துப் பக்கம் வருமே. அதைக் கண்டாலே எனக்கு ஒதறும்ணே."

"அதுதான்." மாமாவின் குரல் இறங்கிவிட்டது. "அதுதான் உன்னைப் பெத்தது."

பிறகு அவர் சொன்னதை அம்மா அசையாமல் கேட்டாள். புருஷன் இல்லாமல், கைக்குழந்தையோடு வேலை தேடி அந்தப் பெண் தோட்டத்துக்கு வந்திருக்கிறாள். பங்களாவில் சமையல் வேலை இருந்தது, ஆனால் குழந்தையோடு வரக் கூடாது என்றார்கள். வேறு போக்கிடம் இல்லை. பார்த்துக்கொண்டாவது இருக்கலாம் என்று, பங்களாவுக்குக் கீழேயே இருந்த லயத்தில், பெண் பிள்ளை கேட்டு ஏங்கிக்கொண்டிருந்த வீட்டில் கொடுத்துவிட்டு வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். ஒரே ஒரு நிபந்தனை, தான் யார் என்று பிள்ளையிடம் சொல்லவே கூடாது. பிடோர்க் கதையெல்லாம் பிறகு கட்டியது.

"நம்ம அம்மாவுக்குப் பயம்லா," என்றார் மாமா. "அது கூப்பிட்டா நீ போயிருவேன்னு பயம். அதான் சின்னதுலேருந்தே சொல்லிக்குடுத்துச்சி. சீனச்சி வந்தா ஓடிரு, சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போயிருவான்னு. எங்களையும் அப்படியே சொல்லச் சொல்லுச்சி. லயத்துல எல்லாருக்கும் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியாது."

"தெனமும் வந்துச்சா?"

"தெனமும்தான். தண்ணிக் குழா கிட்ட வந்து நிக்கும். நீ ஓடி ஒளிஞ்சதும் போயிரும். பழைய துரை சீமைக்குப் போனப்புறம் வேலை போயிருச்சி. தைப்பிங் பக்கம் போயிட்டதாச் சொன்னாங்க. அப்புறம் தெரியல."

"பேரு என்னாண்ணே?"

மாமாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அத்தனை வருடத்தில் அந்தக் கேள்வி அவருக்கு ஒருமுறைகூட வந்திருக்காது என்று அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "யாரும் கேக்கலம்மா," என்றார். "சீனச்சின்னுதான் கூப்பிடுவோம்."

எனக்கு வந்த கோபத்தில் மாமாவை, செத்துப்போன எல்லாரையும், அந்த லயத்தையே உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். பிள்ளையை இழந்துவிடக் கூடாது என்று பயந்த ஒருத்தி, பிள்ளையைப் பார்த்தால் போதும் என்று நின்ற இன்னொருத்தி. இருவரில் யாரை நான் திட்டுவது? ஒரே தோட்டத்தில் தாயும் மகளும் இருந்திருக்கிறார்கள். மகளைத் தமிழர் கட்டத்தில் கூட்டினார்கள், தாயைச் சீனர் கட்டத்தில் தனியாகப் போட்டார்கள். பேர் இல்லாத அந்தப் பெண் உலகத்தில் இருந்தாள் என்பதற்கு எங்களிடம் இருப்பது அந்த ஒற்றை எண் மட்டும்தான்.

கிளம்பும்போது மாமா அம்மாவின் தலையில் கை வைத்தார். அவரும் அழுதார். அம்மா அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஒடம்பப் பாத்துக்குங்கண்ணே," என்றாள்.

நெடுஞ்சாலையில் நல்ல மழை. தாப்பா தாண்டி, கம்பார் தாண்டி அவள் கண்ணை மூடியே இருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கோப்பெங் வரும்போது, "ஒரு தடவை தொட்டுச்சி," என்றாள்.

நான் வேகத்தைக் குறைத்தேன்.

"குழா கிட்ட நான் தண்ணி புடிச்சிக்கிட்டு இருந்தேன். பின்னால வந்தது தெரியல. என் நெத்தி முடிய ஒதுக்கிவிட்டுச்சி. சாக்குல போடத்தான் புடிக்குதுன்னு நெனச்சி அந்தக் கையைக் கடிச்சிட்டேன். பல்லு பதிய கடிச்சேன். வாயில ரத்தம் உப்புக் கரிச்சது."

"சின்னப் புள்ள நீ. ஒனக்கு என்னாம்மா தெரியும்?"

அவள் தலையை ஆட்டினாள். அதைச் சொல்ல வரவில்லை என்பதுபோல் என் பக்கம் திரும்பினாள்.

"அவங்க கையை இழுக்கவே இல்லடி," என்றாள். "நானா விடுற வரைக்கும் அப்படியே வச்சிருந்தாங்க."