நான்கு கழித்தல் குறிகள்

என் மேஜையின் கீழ் இழுப்பறையில் ஒரு தாள் கிடக்கிறது. நடுவில் நான்கு வரிகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கழித்தல் குறி. சிவப்புப் பேனாவால் நானே வட்டம் போட்டிருக்கிறேன். எட்டு வருடத்தில் அலுவலகத்துக்குள் மூன்று முறை இடம் மாறினேன், தாளைக் கிழிக்கவில்லை. சந்தேகப் பேர்வழிகள் ஆதாரத்தை லேசில் கிழிக்க மாட்டார்கள்.

எனக்கு அது கூடப்பிறந்த குணம். சின்ன வயதில், ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டில் பால்காரர் ஊற்றும்போது அம்மா பாத்திரத்தைப் பார்ப்பாள். நான் அளவுக் குவளைக்குள் அவர் கட்டைவிரல் இருக்கிறதா என்று பார்ப்பேன். கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலைக்குச் சேர்ந்தும் அது போகவில்லை. அங்கே என் பக்கத்து இருக்கைக்கு ஒரு பெண் வந்தாள். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகள், வேலை இன்னும் நிரந்தரமாகாமல் ப்ரொபேஷனில் இருந்தாள். குனிந்த தலை நிமிராத வேலை. மத்தியானம் தனியாகச் சாப்பிடுவாள். நான் எழுந்து போனால் என் திரையை எட்டிப் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றும். என் இடத்துக்குக் குறி வைக்கிறாள் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அப்போது ஒரு மருத்துவமனைக்காக நாங்கள் செய்துகொண்டிருந்த மென்பொருளில், குழந்தையின் எடைக்கு மருந்து அதிகமானால் திரையில் எச்சரிக்கை வர வேண்டும். சோதனையில் வரவில்லை. என் கண் நேரே பக்கத்து இருக்கைக்குத்தான் போனது. எங்கள் தொழிலில் டிஃப் என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு கோப்பின் இரண்டு பதிப்புகளைக் கொடுத்தால், முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லாமல் போன வரிக்குக் கழித்தல் குறியும், புதிதாக வந்த வரிக்குக் கூட்டல் குறியும் போட்டுத் தரும். நாங்கள் இருவரும் வேலை செய்த கோப்பில் என் பதிப்பையும் அவள் பதிப்பையும் கொடுத்தேன். எச்சரிக்கைக்கான நான்கு வரிகளும் கழித்தல் குறியோடு வந்து நின்றன. உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அச்செடுத்து, வட்டம் போட்டு, மேலாளர் முன்னால் வைத்தேன். அவர் அவளைக் கூப்பிட்டார். தாளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, அவரிடம் அல்ல, என்னிடம் சொன்னாள்:

"அண்ணா, ரெண்டையும் எந்த வரிசையில கொடுத்தீங்கன்னு ஒருக்கா நோக்குங்க."

தப்பிக்கப் பார்க்கிறாள் என்றேன். மேலாளர் தாளை நம்பினார். அவளுடைய வேலை நிரந்தரமாகாது என்று அப்போதே சொல்லிவிட்டார். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. அதையும் நான் குற்றத்தின் அடையாளமாகத்தான் எடுத்துக்கொண்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஆனால் அவள் சொன்ன சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று மாலை எல்லாரும் போன பிறகு மறுபடி ஒப்பிட்டேன். நான் அவள் பதிப்பை முதலிலும் என் பதிப்பை இரண்டாவதாகவும் கொடுத்திருந்தேன். அந்த நான்கு வரிகளும் அவளிடம் இருந்தன, என்னிடம்தான் இல்லை. முந்தின வாரம் கோப்பை ஒழுங்குபடுத்தும்போது நானே அழித்திருக்கிறேன். அவள் அதைக் கண்டுபிடித்து, காலையில்தான் திரும்பச் சேர்த்திருக்கிறாள். அவளுடைய திருத்தத்தை என் பெயரில் ஏற்றி, பிழை தீர்ந்தது என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன். மாதக் கடைசியில் அவள் பையை எடுத்துக்கொண்டு போகும்போது நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் மேலாளர் கூப்பிட்டார். இப்போதும் அவரேதான். எங்களிடமே ஒரு பெரிய பொறுப்புக்கு அந்தப் பெண் விண்ணப்பித்திருக்கிறாளாம். அன்றைக்கு ஏதோ பிரச்சினை இருந்ததே, அவளை வேலைக்கு எடுக்கலாமா என்று மலையாளத்தில் கேட்டார். ஒரு நிமிடம் என்று சொல்லி, என் மேஜைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தேன்.

தாளை அவர் முன்னால் விரித்தேன். அவர் கண் சிவப்பு வட்டத்துக்குப் போயிற்று. நான் அதற்கும் மேலே, தலைப்பு வரியில் விரல் வைத்தேன். முதலில் அவள் பதிப்பு, பிறகு என் பதிப்பு என்று அங்கே தெளிவாக அச்சாகியிருக்கிறது. வரிசை தலைகீழ், வரிகளை அழித்தவன் நான் என்றேன்.

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துத் தலைப்பு வரியைப் படித்தார். இது எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டார்.

அன்று மாலையே என்றேன்.