வேலி தாண்டிய பலா

நான் வெளிநாட்டில் பிரெஞ்சு மொழியில் சட்ட மேற்படிப்பு படிப்பதை, "தண்டச் செலவு" என்று எங்கள் ஊர் சோளக்காடு முழுக்கச் சொல்லித் திரிந்தவர் பக்கத்துத் தோட்டத்து மாமா. நான் விடுமுறைக்கு வந்தபோது அவருக்கும் அப்பாவுக்கும் வாக்குவாதம். எங்கள் பலாமரத்தின் கிளையொன்று வேலி தாண்டி அவர் தோட்டத்துக்குள் காய்த்திருந்தது.

"ஏனுங்க, எம்பொண்ணு சட்டம் படிக்குது, அதையே கேளுங்க" என்றார் அப்பா.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "பிரெஞ்சுச் சட்டப்படி, தானா விழற பழம் விழுந்த நெலத்துக்காரருக்குத்தானுங்க சொந்தம்" என்றேன். அது இங்கே செல்லாது என்று சொல்வதற்குள் மாமா கிளைக்கடியில் சாக்கை விரித்துவிட்டார்.

விடுமுறை முடிந்து நான் வெளிநாட்டுக்குக் கிளம்பிய அன்று அப்பா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பஸ் ஏற்றிவிட வந்தவர் மாமாதான்.

"இதோட நிறுத்தீராத கண்ணு. டாக்டர் பட்டமும் அங்கயே வாங்கீரு."