தம்பி வைக்காத கோளாறு

ஃபோர்மேன் அன்று காலையிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோதனை அவருக்கல்ல, அவருடைய அக்காவுக்கு. இருபது வருடம் தையல் மெஷினை மிதித்துவிட்டு, நாற்பத்திரண்டு வயதில் "நானும் வெல்டிங் கத்துக்கறேன்டா" என்று வந்து நின்றவள். பட்டறையில் எல்லோருக்கும் அவள் தையலக்கா.

ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யும் அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆறு மாதம் பழகியவருக்கு வேலை நிரந்தரமாக வேண்டுமானால், அழகாகப் பற்றவைத்துக் காட்டினால் மட்டும் போதாது. ஃபோர்மேன் வேண்டுமென்றே மூன்று இடத்தில் கெடுத்துவைத்த வெல்டிங் டார்ச்சை, பற்றவைக்கும் அந்தத் துப்பாக்கியை, கையில் கொடுப்பார். மதியச் சங்குக்குள் சரிசெய்து, இரும்பில் பற்றவைத்து ஒரு கோடு போட்டுக் காட்ட வேண்டும். இல்லையென்றால் வீட்டைப் பார்க்க நடக்க வேண்டியதுதான். சொந்தக்காரி என்று எவனும் வாய் திறந்துவிடக் கூடாதே என்று, அக்காவுக்குத் தன்னுடைய டார்ச்சையே எடுத்து, கூடுதல் கொடூரத்தோடு கெடுத்து வைத்திருந்தார்.

முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அக்கா விசையை அழுத்தினாள். உருகி ஒட்ட வேண்டிய வயர் டார்ச் முனையில் விக்கி விக்கி வந்தது.

புதுசுகள் எல்லாம் இங்கேதான் கவிழும். வயர் வரவில்லையா, அதைத் தள்ளும் ரோலரை இறுக்கு! இறுக்கினால் வயர் உள்ளேயே சுருண்டு குருவிக்கூடு கட்டிவிடும். போன மாதம் ஒருவன் கட்டிய கூட்டைப் பிரிக்கவே அரை நாள் ஆயிற்று. அக்காவோ ரோலரைத் தளர்த்தினாள். வயரைக் கையால் இழுத்துப் பார்த்தாள்.

"நூல் எங்கேயோ பிடிக்குது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வயர் ஓடும் உள்குழாயைக் கழற்றித் தட்டினாள். கறுப்புத் தூளாகக் கொட்டியது. ஊதிச் சுத்தம் செய்து மாட்டினாள். பிறகு முனையிலிருந்த செம்பு டிப்பை வெளிச்சத்தில் பிடித்தாள். ஓட்டை, வயருக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்தது. சரியான டிப்பை மாட்டினாள். அதைச் சுற்றியிருக்கும் நாசிலுக்குள் தெறித்து ஒட்டிய இரும்பு, உருகும் கோட்டைக் காற்றுப் படாமல் போர்த்தும் கேஸ் வரும் வழியை அடைத்திருந்தது. சுரண்டி எடுத்தாள். மூன்றும் ஆயிற்று. கோடு போட்டாள்.

தம்பிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. "முடிஞ்சுதுக்கா, எழுந்து வா."

அவள் எழவில்லை. போட்ட கோட்டில் குண்டூசி முனையளவு ஓட்டைகள் நாலைந்து இருந்தன. "கேஸ் சரியா போர்த்தலடா. காத்து புகுந்திருக்கு."

"மூணுதான்க்கா. வச்சவன் நான், எனக்குத் தெரியாதா?"

"நீ வச்சது மூணு. இது நீ வைக்காதது."

சங்குக்கு ஆறு நிமிடம் இருந்தது. இனி எதையாவது பிரித்து அதற்குள் மாட்டாவிட்டால் கண்டுபிடித்த மூன்றும் வீண். அக்கா கேஸை மட்டும் திறந்துவிட்டு, கேபிள் நெடுகக் கன்னத்தைக் கிட்டே கொண்டுபோனாள். மெஷினில் டார்ச் சேரும் இடத்தில் கசியும் கேஸ் கன்னத்தில் சில்லென்று பட, நின்றாள். கழற்றினாள். உள்ளே இருந்த ரப்பர் வளையத்தில் மயிரிழை அளவு ஒரு வெடிப்பு.

புது வளையம் போட்டு மறுபடி கோடு போட்டாள். சங்கு ஊதியது. கோட்டில் ஒரு பொட்டு ஓட்டைகூட இல்லை.

ஃபோர்மேன் அந்தப் பழைய வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். இரண்டு வருடமாகத் தினமும் கையில் பிடித்த டார்ச். ஓட்டை விழும்போதெல்லாம் சிலிண்டர்காரரைத் திட்டியிருக்கிறார், மழைக்காலத்தைத் திட்டியிருக்கிறார், இணைப்பைக் கழற்றிப் பார்த்ததே இல்லை. ஆறே மாதம் பழகிய ஒரு பெண் கன்னத்தால் கண்டுபிடித்துவிட்டாள். இவளோடு ஒரே வீட்டில் வளர்ந்தும் இவள் யாரென்று தெரியாமல் போனதே என்று மலைத்துப்போய் நின்றார்.

"என்னப்பா, மூணும் பிடிச்சாச்சா?" என்றார் முதலாளி.

ஃபோர்மேன் ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும்.

"நாலு சார். நாலாவது என்னுது. ரெண்டு வருஷமா அந்த ஓட்டையை எல்லாம் நான்தான் அடைச்சுத் தேய்ச்சு மறைச்சு அனுப்பியிருக்கேன்."

முதலாளி எழுந்துவிட்டார். "அப்ப வெளியே போன கட்டிலை எல்லாம் யாருப்பா போய்ப் பாக்கறது?"

"அக்காதான் சார் பாக்கணும். அவங்களுக்கு டூல்ஸ் பெட்டி தூக்கிட்டு நான் கூடப் போறேன்."